கரையில் கிடந்த கெளுத்தி

இந்தச் சொம்புத் தண்ணி நல்லா இருக்குதுங்க. டேசன் கெணத்துத் தண்ணிங்களா? சங்ககிரித் தண்ணி உப்புக் கரிக்கும்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. குடிச்சுப் பாக்காமயே சொல்றவங்கதான் எல்லாம். எங்க கள்ளிமேட்டு ஏரித் தண்ணியில எப்பவும் ஒரு மீன் வாடை இருக்கும். வெளியூர் ஒறம்பரை வந்தா மூக்கைச் சுளிப்பாங்க. எங்களுக்கு அது வாடையாவே தெரியறதில்லை.

மருதாசலம் எப்படிச் செத்தான்னு கேக்கறீங்க. சொல்றனுங்க. இன்ஸ்பெக்டர் ஐயா கையை ஓங்க வேண்டிய சோலியே இல்லை. ஆனா எங்க ஏரியோட ஒழுங்கைச் சொல்லாம அதை மட்டும் சொன்னா, என்னமோ நான் ஈவு எரக்கம் இல்லாதவனாட்டம் தெரியும். அதனால மொதல்ல ஏரி. எழுதறவரு மெதுவாவே எழுதட்டும். எனக்குப் போகறதுக்கு இனி எடமில்லை.

என்ற பேரு சின்னண்ணன். கொஞ்சம் மேட்டாங்காடு, ஒரு கெணறு, ஒரு சோடி எருது. கவர்மெண்டுல கள்ளுக்கடையை மூடறதுக்கு முன்னாலயும் நான் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்ததில்லீங்க. வெள்ளாமை வேலை ஓஞ்சா ஏரியில தூண்டி போடுவேன். அது ஒண்ணுதான் எனக்குப் பழக்கம்.

ஏரி ஊருக்குப் பொது. பொதுன்னா அவனவன் இஷ்டம்னு நெனைச்சுக்கறாங்க. சொந்தக் கெணத்துல நீ எச்சி துப்பு, எவன் கேக்கப் போறான்? பொதுவுலதான் ஒழுங்கு வேணும். ஆடி வெள்ளம் வந்து ஏரி நெறைஞ்சதும் யாரு எங்க மொதல்ல உக்காந்தாங்களோ, அந்த வருஷம் பூரா அது அவங்க எடம். அவன் வராத நாள்லயும் இன்னொருத்தன் அங்க குந்தப்படாது. அடுத்தவன் தக்கைக்குக் குறுக்க தூண்டி வீசப்படாது. பக்கத்துல ஒருத்தன் மீனை இழுக்கறப்ப வாயைத் தொறக்கப்படாது. சினை மீனு மாட்டுனா வயித்தை அமுக்காம தண்ணிக்கே உட்டுரோணும். இதையெல்லாம் எவனும் தமுக்கடிச்சுச் சொன்னதில்லை. கரையில உக்கார்றவனுக்குத் தானாத் தெரியோணும்.

எல்லாத்துக்கும் மேல வேண்டாத மீனு. அதை என்ன பண்றோம்கறதுலதான் மனுசன் யாருன்னு தெரியும். எங்க ஏரியில வேண்டாத மீனுன்னா பொடிக் கெளுத்தி. வெரல் நீளம் இருக்கும், கறியை விட முள்ளு சாஸ்தி. முதுகுல ஒண்ணு, கன்னத்தோரம் பக்கத்துக்கு ஒண்ணு. செத்துக் காஞ்சாலும் அந்த முள்ளு வெறைச்சுக்கிட்டே நிக்கும். தண்ணிக்கே திருப்பி உட்டா மறுபடியும் வந்து புழுவைத் திங்கும். கரை மேல வீசலாம்னா அந்தக் கரைதான் ஊருக்கு வழி. ஆளும் மாடும் வெறுங்காலோட நடக்கற எடம். அதனால முள்ளை ஒடிச்சு, கரைக்குப் பின்னால பனைமரத்தடியில குழியில போட்டு, மண்ணைத் தள்ளி நல்லா மிதிச்சுரோணும். மீன்குழின்னு சொல்லுவோம். வருஷா வருஷம் அந்தக் குழியை வெட்டறது நாந்தானுங்க. யாரும் என்னை வெட்டச் சொல்லலை. "மீன்குழியார் வாரார், ஒதுங்குங்க"ன்னு என்னைக் கண்டா எளவட்டங்க கிண்டல் பண்ணுவானுங்க. பண்ணட்டும். கிண்டல் பண்ணுனவனும் என்ற கண்ணு முன்னால கெளுத்தியைக் கரையில போட மாட்டான்.

மருதாசலம் என்ற சம்சாரம் செல்லாயிக்குச் சித்தப்பன் மகன். அவ கூடப் பொறந்தவன் கணக்காத்தான். எனக்கு மச்சினன் மொறை. அவனுக்கும் அவன் சம்சாரம் குப்பாயிக்கும் கொழந்தை இல்லை. ஏரியில என்ற எடத்துக்கு அடுத்தது அவன் எடம். நடுவுல ஒரு ஊஞ்ச மரம். மரத்துக்கு இக்கட்டால நான், அக்கட்டால அவன்.

நல்லவன்னுதான் ஊரு சொல்லும். நானும் இல்லைங்கலை. ஆனா அவங்கிட்ட ரெண்டு கொறை. ஒண்ணு, ஆங்காரம். அடுத்தவன் கையால ஒரு புழுக்கூட வாங்க மாட்டான். ஒருக்கா அவன் தூண்டியெல்லாம் அறுந்துபோயிருச்சு. சும்மா தண்ணியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். பாவமேன்னு, "இந்தா மாப்ளே, என்ற தூண்டி ஒண்ணை மாட்டிக்க"ன்னு நீட்டுனேன். "வேண்டாம் மச்சான், உங்க தூண்டியில மாட்டுனா அது உங்க மீனு"ன்னான். துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டான். நீட்டுன கையோட நான் நிக்கறேன். எப்படி இருக்கும் எனக்கு?

ரெண்டாவது, அவன் கெளுத்தியைப் பொதைக்க மாட்டான். தூண்டியைக் கழட்டி, தடவிக் குடுக்காத கொறையா தண்ணிக்கே உட்டுருவான். "உசுரோட இருக்கறதை எதுக்கு மச்சான் மண்ணைப் போட்டு மூடறது?"ன்னு கேப்பான். ஏரி ஒழுங்கு அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். இளகுன மனசுக்காரங்களாலதான் இந்த ஒலகத்துல பாதிக் கெடுதல் நடக்குதுங்க.

தூண்டியைப் பத்தியும் சொல்லிப்போடறேன். நான் போடறது எங்கூரு ஆசாரி அடிச்சுக் குடுக்கற தூண்டி. கருப்பா, மொத்தமா, நூல் கட்டற காது பெருசா இருக்கும். கள்ளிமேட்டுல அதைப் போடறது நான் ஒருத்தன்தான். மருதாசலம் சேலம் கடைவீதியில வாங்கியாற தூண்டிதான் போடுவான். வெள்ளிக் கம்பியாட்டம் மினுமினுன்னு இருக்கும். மீனுங்களும் மினுக்கைக் கண்டா மயங்கும்போல. அவனுக்குத்தான் மாட்டும்.

எனக்கு ஒரே மக. கண்ணாத்தா. கண்ணாலமாகி ரொம்ப வருஷம் கழிச்சு, கோயில் கோயிலா ஏறி எறங்கிப் பொறந்தவ. வாய் ஓயாது. எருதுகிட்டப் பேசுவா, கோழிகிட்டப் பேசுவா. மத்தியானம் எனக்குச் சோத்துப் போசியைத் தூக்கிக்கிட்டுக் கரை மேல வருவா. அவ வர்றதுக்கு முன்னால அவ பேச்சு வந்துரும். "சத்தம் போடாத அம்மிணி, மீனு போயிரும்"னு நான் அதட்டுவேன். "போனா போகுது மாமா கிட்ட"ம்பா. மாமன்னா மருதாசலம். அவளுக்கு அவன் மேல உசுரு.

அன்னைக்குப் பொரட்டாசி மாசம். ஊஞ்ச மரத்து நெழலுத் தண்ணியில ஒரு பெரிய வெரால் இருந்துதுங்க. ஆடியிலிருந்து நான் அதைப் பாத்துக்கிட்டே இருக்கறேன். அது எப்ப மேல வரும், எங்க திரும்பும், எல்லாம் எனக்கு அத்துபடி. நான் பேசி முடிச்சு வெச்ச பொண்ணு மாதிரிங்க அது. அன்னைக்கு அது மருதாசலம் தூண்டியில மாட்டிக்கிச்சு. அவன் இழுத்துக் கரையில போட்டான். கை நீளம் இருந்துது. அதைத் தூக்கிக்கிட்டு என்ற பக்கம் வந்து, "மச்சான், இது நீங்க பாத்து வெச்சது. கண்ணாத்தாளுக்குக் கொழம்பு வெச்சுக் குடுங்க"ன்னான். நான் வேண்டாம்னுட்டேன். எனக்குன்னு இருக்கறதை அவன் புடிச்சு எனக்கே தானம் பண்ணுவானாம்.

எனக்கு அன்னைக்குக் கெளுத்தி மேல கெளுத்தியா வந்துது. கடைசியில ஒண்ணு தூண்டியை வயிறு வரைக்கும் முழுங்கிருச்சு. இழுத்த இழுப்புல நூலு அறுந்துபோச்சு. வெறுத்துப்போயி எந்திரிச்சேன். எல்லாக் கெளுத்தியையும் முள்ளொடிச்சுக் குழியில போட்டு மூடிட்டுத்தான் ஊட்டுக்குப் போனேன். எப்பவும் அப்படித்தானுங்க போவேன். அன்னைக்கு மட்டும் வேற மாதிரியா போயிருப்பேன்?

சோத்துக்குக்கூடக் காத்திருக்காம குறுக்கு வழியில எறங்கிட்டேன். அதனால கண்ணாத்தா போசியோட கரை மேல வந்தப்ப நான் அங்க இல்லை.

மருதாசலந்தான் அவளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊட்டுக்கு ஓடியாந்தான். குதிகால்ல கெளுத்தி முள்ளு ஏறி ஒடிஞ்சிருந்துது. அவ அழுததை விட அவன் அழுததுதான் சாஸ்தி. நான் முள்ளை நோண்டி எடுத்தேன். எனக்கு அது கை வந்த வேலை, ஊருல யாரு காலுல முள்ளேறுனாலும் எங்கிட்டத்தான் வருவாங்க. மஞ்சளை வெச்சுக் கட்டுனேன். அப்பறம் அவனைக் கேட்டேன்.

"கெளுத்தி எங்க கெடந்துது மாப்ளே?"

"ஊஞ்ச மரத்துக்கு இக்கட்டால, மச்சான்."

"எடுத்து எறிஞ்சியா?"

"அங்கியேதான் கெடக்குது. நீங்க போயிப் பாக்க வேண்டாம். உட்டுருங்க."

பாத்தீங்களா ஐயா. மரத்துக்கு இக்கட்டாலன்னா என்ற எடம். குத்தம் பண்ணுனவன் தன்ற எடத்துலன்னா சொல்லுவான்? அதுவும் நான் போயிப் பாக்கப்படாதாம். கெளுத்தியைத் தண்ணிக்கு வீசற கை ஒரு நாளைக்குத் தப்பாதா? கரையில உழுந்திருக்கும், அவன் கண்டுக்காம உட்டிருப்பான். நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். காலு ஆறட்டும், பேசிக்கலாம்னு இருந்தேன்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குதுங்க. காலுல எது குத்துச்சோ அதைத் தேடி எடுத்தாந்து அடுப்புல போட்டுக் கொளுத்தோணும். குத்துனது வெந்து சாம்பலானாத்தான் கடுப்பு அடங்கும்பாங்க. செல்லாயி கரைக்கு ஓடுனா. அந்தக் கெளுத்தியைத் தேடி மடியில கட்டியாந்து அடுப்புல போட்டா. ஊடு பூரா நாத்தம். மீனு எரிஞ்சு முடிஞ்ச பொறவும் அவ அடுப்பை உட்டு எந்திரிக்கலை. ஒரு குச்சியால சாம்பலைக் கிளறிக்கிட்டே இருந்தா. "என்ன அம்மிணி, அதுல என்ன தேடறே?"ன்னு கேட்டேன். திரும்பி என்ற மூஞ்சியைப் பாத்தா. அதுக்கப்பறம் அவ எங்கிட்டப் பேசறதில்லீங்க.

கடுப்பு அடங்குச்சு. பிள்ளை எந்திரிச்சு நொண்டி நொண்டி நடந்தா, கோழியோட வம்பு பேசுனா. எல்லாஞ் சரியாப்போச்சுன்னு நெனைச்சோம். ஒரு நாள் காத்தால கம்பஞ்சோத்தை வாயில வெச்சவ முழுங்க முடியலைன்னா. வாய் தொறக்கலை. அப்பறம் கழுத்து வெறைச்சுது. அப்பறம் முதுகு வில்லா வளைஞ்சுது. யாராவது கதவைச் சாத்துனாக்கூட அந்தச் சத்தத்துக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடும். வைத்தியரு வந்து பாத்துட்டு, இது இசிவு, முள்ளு ஏறுன அன்னைக்கே சேலத்துக்குப் போயி ஊசி போட்டிருந்தாத் தப்பிச்சிருப்பாள்னாரு. வண்டி கட்டுனோம். மகுடஞ்சாவடி தாண்டலை. ஓயாமப் பேசுன பிள்ளை, கடைசியில ஒரு வார்த்தை சொல்ல முடியாமப் போயிட்டா. மன்னிக்கோணும், சித்தெ இருங்க.

சொல்றேன்.

பிள்ளையை அடக்கம் பண்ணிட்டு வந்து நின்னப்ப மருதாசலம் என்ற கையைப் புடிச்சான். "மச்சான், மனசறிஞ்சு யாரும் பண்ணுனதில்லை. கை தவறி நடந்தது. நீங்க அதையே நெனைச்சு மருகாதீங்க"ன்னான். நீங்களே சொல்லுங்க ஐயா, ஒண்ணும் பண்ணாதவன் எதுக்கு அப்படிப் பேசறான்? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நான் தலையை ஆட்டிக்கிட்டேன்.

ஊட்டுல செல்லாயி ஊமையா நடமாடுனா. சோறு போடுவா, வட்டலை முன்னால வெப்பா, போயிருவா. குப்பாயி வந்தாப் பேசுவா, மருதாசலம் வந்தாக்கூட "வா சாமி"ம்பா, அவனுக்கு மோரு குடுப்பா. எங்கிட்ட மட்டும் இல்லை. ஏன்னு ரொம்ப நாளு யோசிச்சேன். அப்பறம் புரிஞ்சுது. பிள்ளையைக் கொன்னவன் ஏரிக்கரையில உக்காந்து தூண்டி போடறான், நீ கையைக் கட்டிக்கிட்டுப் பாக்கறயேன்னு கேக்கறா. கூடப் பொறந்தவன் கணக்கா வளந்தவன் பாருங்க, அதை அவ வாயால எப்படிச் சொல்லுவா? நாம்பதான் புரிஞ்சுக்கோணும். அவளை மறுபடியும் பேச வெக்கோணும். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். அதுக்கு வழி ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சுது.

அருவா எடுத்தா ஒரு வெட்டுல முடிஞ்சிருக்கும். எனக்கு அதுல சம்மதமில்லை. கண்ணாத்தா பட்டதை அவன் படோணும். அதே வரிசையில. வாய், கழுத்து, முதுகு. ஒழுங்குன்னா அதான ஒழுங்கு?

கெளுத்தி புடிச்சேன். வாழ்க்கையில மொதல் தடவையா முள்ளை ஒடிக்காம, குழியில போடாம மடியில வெச்சுக்கிட்டு ஊட்டுக்கு வந்தேன். எங்க கட்டுத்தரையில எருது மூத்தரம் தேங்கற குழி ஒண்ணு இருக்குது. பழைய சாணியும் சேறுமா கெடக்கும். முள்ளையெல்லாம் பிச்சு அதுல ஊறப் போட்டேன். செல்லாயி பாத்தாளோ என்னமோ, கேக்கலை. கேக்கத்தான் பேசறதில்லையே.

தை மாசம் தண்ணி எறங்கிச் சேறு தெரிஞ்சுது. மருதாசலம் மீனை இழுக்கறப்ப வலது காலை முன்னால வெச்சு ஊனுவான். எத்தனை வருஷமாப் பாக்கறேன், அந்தக் காலு எங்க உழுகும்னு எனக்கு அவனை விட நல்லாத் தெரியும். அவன் வர்றதுக்கு முன்னால அந்த எடத்துச் சேத்துல முள்ளை நட்டு வெச்சேன். நட்டுட்டு என்ற எடத்துல வந்து உக்காந்து தூண்டி போட்டேன். அவன் எடத்துல நான் உக்காரலீங்க. நட்டது மட்டுந்தான்.

பொழுது உச்சிக்கு வர்றப்ப அவனுக்கு ஒரு மீனு மாட்டுச்சு. காலை ஊனுனான். "ஐயோ மச்சான், ஏறிருச்சு"ன்னான்.

நான் ஓடுனேன். அவனைக் கரையில உக்கார வெச்சு, காலை எடுத்து என்ற மடியில வெச்சுக்கிட்டேன். முள்ளைப் புடுங்கறாப்பலப் புடுங்கி, நுனியை உள்ளேயே உட்டுட்டேன். ரத்தம் வந்துது. அவன் வலியில அழுவலை, பிள்ளையை நெனைச்சு அழுதான். "கண்ணாத்தாளுக்கும் இப்படித்தான மச்சான் வலிச்சிருக்கும்"ன்னான். "ஆமா மாப்ளே, இப்படித்தான் வலிச்சிருக்கும்"னு சொன்னேன். பொய் சொல்லலை.

அன்னைக்கே சேலத்துக்குப் போயி அந்த ஊசியைப் போட்டுக்கறேன்னு கெளம்புனான். அங்க மட்டும் எனக்குக் கொஞ்சம் பக்குன்னு இருந்துதுங்க. "என்ற கை வைத்தியத்து மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு கேட்டேன். அந்த ஒரு வார்த்தை போதும். பிள்ளையை இழந்தவன் மனசை நோகடிக்கப்படாதுன்னு உக்காந்துட்டான். அடுத்தவன் கையால புழு வாங்காதவன், என்ற கையால மருந்து வாங்கிக்கிட்டான்.

தெனமும் போயிக் கட்டுப் பிரிச்சுக் கட்டிவுட்டேன். மேல மஞ்சளும் வேப்பெலையும் தெரியும். அடியில கட்டுத்தரைக் குழிச் சேறு. "எங்கண்ணன் இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாருங்க"ன்னு குப்பாயி ஒவ்வொரு தடவையும் மோரு கரைச்சுக் குடுத்தா. நான் வாங்கிக் குடிச்சேன். வேண்டாம்னு சொன்னா நல்லா இருக்காது பாருங்க.

அப்பறம் ஒரு காத்தால அந்த மோரை அவனாலயே முழுங்க முடியலை. நான் எதிர்பாத்ததுதான். வாய் கட்டிருச்சு. பொழுதோட கழுத்து. மறுநாள் முதுகு. குப்பாயி வண்டி கட்டச் சொல்லி அழுதா. வண்டி கட்டி ஓட்டுனதும் நாந்தானுங்க. எருதை மெதுவாத்தான் நடத்துனேன், வண்டி குலுங்குனா அவனுக்கு இழுக்குமேன்னு சொன்னேன். அதே ரோடு. மகுடஞ்சாவடிக்கு முன்னால நிறுத்தி, குப்பாயியைத் தண்ணி கொண்டார அனுப்பிட்டு, அவன் காதுக்கிட்டக் குனிஞ்சு சொன்னேன். "கெளுத்தியைக் கரையில போடப்படாது மாப்ளே."

அவன் என்னைப் பாத்தான். தலையை ஆட்ட முடியாத சீக்கு அது. கண்ணு மட்டும் இப்படியும் அப்படியும் போச்சு. இல்லைன்னு சொல்றானா, இழுப்புல உருளுதான்னு தெரியலை. தெரிஞ்சுக்கோணும்னும் எனக்குத் தோணலை. கொஞ்ச நேரத்துல அவன் கண்ணுல தண்ணி வந்துது. கோபம் இல்லீங்க அதுல. எனக்காக வெசனப்படறவனாட்டம் பாத்தான். அதுதான் எனக்கு எரிச்சலா இருந்துது. சாகறப்பவும் அந்த ஆங்காரம் போகலை பாருங்க.

அவன் காரியமெல்லாம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்தேன். செல்லாயி அடுப்படியில இருந்தா. பக்கத்துல குந்தி, நிதானமா எல்லாத்தையும் சொன்னேன். முள்ளை ஊறப் போட்டது, நட்டது, கட்டுப் போட்டது, காதுல சொன்னது. "முடிச்சுட்டேன் அம்மிணி. இனி நீ பேசலாம்"ன்னேன்.

பேசுனா. இத்தனை மாசம் கழிச்சுப் பேசுனா. "கருமாந்தரம் புடிச்சவனே"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டா. குப்பாயி ஊட்டுக்குப் போயி, அவளைக் கூட்டிக்கிட்டு, அந்த வெயில்ல ரெண்டு பொம்பளைங்களும் சங்ககிரிக்கு நடந்து வந்து உங்ககிட்டச் சொல்லியிருக்கறாங்க. சொல்லட்டும். தம்பிப் பாசம். கொஞ்ச நாள்ல தெளிஞ்சிருவா. பிள்ளைக்கு அப்பன் என்ன பண்ணோணுமோ அதைத்தான் பண்ணுனேன்னு அவளுக்குப் புரியும். மருதாசலத்தைக் கொன்னது நாந்தான், எழுதிக்குங்க. மனசுல எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. ஏரியில ஒழுங்கு கெட்டவன் ஒருத்தன் கொறைஞ்சான், அவ்வளவுதான்.

அது என்னங்க, மேசை மேல வெக்கறீங்க?

செல்லாயி குடுத்தாளா. அன்னைக்கிருந்து சேலை முந்தியில முடிஞ்சே வெச்சிருந்தாளாமா. அடுப்புச் சாம்பல்ல எடுத்தது. கெளுத்தி வயித்துக்குள்ள இருந்துது. சரிங்க. சித்தெ கிட்டக் காட்டுங்க. விலங்கு இருக்குது, என்னால எட்டி எடுக்க முடியலை.

ஆமாங்க. நெருப்புல வெந்து நெறம் மாறியிருக்குது, ஆனாத் தெரியுது. மொத்தமா இருக்குது. காது பெருசு. ஆசாரி அடிச்சதுதான். இல்லைன்னு சொல்ல முடியாது. என்ற தூண்டிதானுங்க.

அந்தச் சொம்பை இப்படிக் குடுங்க.

இப்பத்தான் ஞாபகம் வருதுங்க. அன்னைக்குக் காத்தால மருதாசலம் எங்கிட்ட ஒரு தூண்டி கேட்டான். கேட்டிருப்பான். நானும் குடுத்திருப்பேன். நீங்க எழுதிக்குங்க ஐயா. கேட்டு வாங்குனான்னே எழுதிக்குங்க.